மைன்கிராஃப்ட் சர்வர்: பெரிய பிளானுக்குப் பணம் கட்டும் முன்

மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பில், பலர் சேர்ந்து ஆடும் சர்வரை வாடகைக்கு எடுத்துப் புதிதாகத் தொடங்குவோர், கூடுதல் ரேம் (நினைவகம்) உள்ள வாடகைப் பிளானுக்கு மாறுவதற்கு முன், சர்வர்.பிராப்பர்ட்டீஸ் என்ற அமைப்புக் கோப்பில் சிமுலேஷன் டிஸ்டன்ஸ் அளவை (ஆட்டக்காரரைச் சுற்றி எவ்வளவு தூரம்வரை விளையாட்டு உலகம் இயங்க வேண்டும் என்பதை) 10இலிருந்து 6ஆகக் குறைத்துப் பார்த்து, அதில் மிச்சமாகும் வாடகையை விளம்பரத்துக்கு ஒதுக்கலாம். அளவு 10 என்றால் தனித்தனியே சுற்றும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்காகவும் ஒவ்வொரு பக்கமும் பத்து, நடுவில் ஒன்று என 21-க்கு 21, அதாவது சுமார் 441 சங்க்குகளைச் (உலகம் பிரிக்கப்பட்டுள்ள சதுரத் துண்டுகள்) சர்வர் இயக்கிக்கொண்டிருக்க வேண்டும். 6 என்றால் சுமார் 169 போதும். உலகத்தை நொடிக்கு 20 முறை (20 டிக்) புதுப்பிக்கும் இந்த வேலை பெரும்பாலும் ஒரே பிராசசர் கோரில்தான் நடக்கிறது என்பதால், திணறும் சர்வருக்கு ரேமை மட்டும் கூட்டுவதால் (விற்பவர்கள் முதலில் சொல்வது அதைத்தான்) பெரும்பாலும் பலன் இருப்பதில்லை. விளம்பரத் தொகையையும் திறப்பு நாளிலேயே கொட்டிவிடாமல், கூட்டம் சேரும் ஒரு வார இறுதியில் டிக் வேகம் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு செலவிடுவது நல்லது. இழுத்து இழுத்து ஓடும் சர்வருக்கு ஒருமுறை வந்தவர் மறுபடி வருவது அரிது.

எல்லோரும் ஓரிடத்தில் கூடும் சிறிய மினிகேம் சர்வர்களில் இதனால் அதிகம் மிச்சமாகாது. தள்ளி நின்று இயக்கும் பெரிய தானியங்கிப் பண்ணைகள் நிறைந்த சர்வைவல் சர்வரிலோ, அவை பாதியில் நின்றுபோகக்கூடும் என்பதால், அளவைக் குறைக்காமல் விடுவதே மேல்.