திரித்துவத்தை வேதத்தில் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒரே தேவன் என்பதே திரித்துவ உபதேசம். "திரித்துவத்துக்கு வசனம் எங்கே?" என்று யாராவது கேட்டால், பழைய தமிழ் வேதாகமத்தைப் படித்து வளர்ந்தவர்களில் பலர் யோசிக்காமல் 1 யோவான் 5:7-ஐத் திறந்துவிடுகிறார்கள். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே" என்று தொடங்கி, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்று அந்த வசனம் முடிவதால், விவாதம் ஒரே வரியில் தீர்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் இந்த வாக்கியம் பழைய கிரேக்கக் கையெழுத்துப்படிகளில் இல்லை. லத்தீன் மரபில் பரவிய பாடம் இது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516-இலும் 1519-இலும் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இதைச் சேர்க்கவில்லை. கண்டனங்கள் எழுந்த பிறகு 1522-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். அந்தப் பாடத்தை அடியொற்றிய மொழிபெயர்ப்புகளில் வசனம் நிலைத்துவிட்டது. பிற்காலத்து மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகின்றன, அல்லது அடிக்குறிப்புக்கு அனுப்பிவிடுகின்றன.

இதை அறிந்த ஒருவர் எதிரே அமர்ந்திருந்தால், உபதேசம் முழுவதுமே ஒரு இடைச்செருகலின்மேல் நிற்கிறது என்ற எண்ணத்தை நாமே அவருக்குக் கொடுத்துவிடுகிறோம். உண்மையில், 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய திருச்சபைச் சங்கங்களுக்கு இந்த வசனம் தேவைப்படவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனையை எதிர்த்து வாதாடிய கிரேக்கச் சபைப் பிதாக்கள் (ஆரம்பகாலத் திருச்சபையின் போதகர்கள்) யோவான் சுவிசேஷத்தையும் பவுலின் நிருபங்களையும் எபிரெய நிருபத்தையும் வரிவரியாக எடுத்துப் பேசினார்களே தவிர, இதை எடுத்துக்காட்டவில்லை.

"திரித்துவம் என்ற சொல்லே வேதத்தில் இல்லையே" என்ற மறுப்பை நீண்ட நேரம் எதிர்த்துப் பேசிக்கொண்டிருப்பதும் வீண்வேலைதான். இல்லை என்று ஒப்புக்கொண்டுவிடலாம். அந்தியோகியாவின் தெயோப்பிலு 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்திலும், அவருக்குச் சற்றுப் பிற்பட்ட தெர்த்துல்லியன் லத்தீனிலும் பயன்படுத்திய சொல் அது. ஏகதெய்வக் கொள்கை என்ற சொல்லும் வேதத்தில் இல்லை. அதனால் அந்தக் கொள்கை அங்கே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஒன்றா, ஒருவரா?

ஒன்று, தேவன் ஒருவரே; இரண்டு, பிதா தேவன், குமாரன் தேவன், பரிசுத்த ஆவியானவர் தேவன்; மூன்று, பிதா குமாரனல்லர், குமாரன் ஆவியானவரல்லர், ஆவியானவர் பிதாவல்லர். இந்த மூன்று கூற்றுகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வதுதான் திரித்துவ உபதேசம். மூன்றில் எதையாவது ஒன்றைக் கைவிட்டால் வழக்கமான பிழைகளில் ஒன்று தானாக வந்து நிற்கும். முதல் கூற்றை விட்டால் மூன்று தெய்வங்கள் வந்துவிடும். இரண்டாவதை விட்டால் குமாரன் சிருஷ்டியாகிவிடுவார். மூன்றாவதை விட்டால் ஒரே ஆள் மூன்று வேடம் போடுவதாக ஆகிவிடும். ஒன்றும் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் ஒன்று எப்படி ஆகும் என்று கேட்பவர், மூன்று ஆட்கள் சேர்ந்து ஒரே ஆள் என்று உபதேசம் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே சாராம்சம் (தேவன் என்னவாக இருக்கிறார் என்பது), மூன்று ஆள்தத்துவங்கள் (யார் யார் என்பது) என்றுதான் உபதேசம் சொல்கிறது. ஒன்று என்பதும் மூன்று என்பதும் ஒரே பொருளில் சொல்லப்படவில்லை.

இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழ் வாசகருக்குக் கிரேக்கம் கூட அவசியமில்லை. உபாகமம் 6:4, "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்கிறது. யோவான் 10:30-இல் இயேசு, "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்கிறார். அங்கே "ஒருவர்", இங்கே "ஒன்று". கிரேக்கத்திலும் யோவான் 10:30-இல் இருப்பது அஃறிணைக்குரிய வடிவமே. நானும் பிதாவும் ஒரே ஆள் என்று சொல்ல வேண்டியிருந்தால் ஆண்பால் வடிவம் வந்திருக்க வேண்டும். வினைமுற்றோ "இருக்கிறோம்" என்று பன்மையில் நிற்கிறது. ஆகவே இயேசுவும் பிதாவும் ஒரே ஆள் என்று நிறுவ இந்த வசனத்தை எடுப்பவர், தம் கருத்துக்கு எதிரான வசனத்தையே எடுத்து நீட்டுகிறார். வெறும் மனவொற்றுமையைத்தான் இது சொல்கிறது என்று ஒதுக்குபவரும் அவசரப்படுகிறார். ஏனென்றால் இரண்டு வசனங்களுக்கு முன்னால், தம் கையிலிருந்து ஆடுகளை ஒருவனும் பறித்துக்கொள்வதில்லை என்றும், பிதாவின் கையிலிருந்தும் ஒருவனும் பறித்துக்கொள்ளக்கூடாது என்றும் இயேசு இரு கைகளுக்கும் ஒரே வல்லமையைச் சொல்லிவிட்டுத்தான் இந்த வாக்கியத்துக்கு வருகிறார். கேட்டவர்கள் கல் எடுத்ததும் அதற்காகத்தான்.

யோவான் 1:1-ஐயும் இவ்வாறே வேற்றுமை உருபு உருபாகப் படிக்க வேண்டும். "அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது." முதல் பகுதி வேறுபாட்டைக் காட்டுகிறது, ஏனென்றால் ஒருவர் தம்மிடத்திலேயே இருந்தார் என்று யாரும் எழுதுவதில்லை, இரண்டாம் பகுதி தன்மையைக் காட்டுகிறது. இரண்டாம் பகுதியில் தேவன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு முன்னால் சுட்டிடைச்சொல் (ஆங்கிலத்தின் the போன்றது) இல்லாததால் "ஒரு தேவன்" என்று மொழிபெயர்க்க வேண்டும் என்று சிலர் வாதிடுவதுண்டு. அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனத்தில் "தேவனால் அனுப்பப்பட்ட" யோவான் வருகிறாரே, அங்கேயும் அந்தச் சுட்டு இல்லை. அவர் "ஒரு தேவனால்" அனுப்பப்பட்டார் என்று எவரும் மொழிபெயர்ப்பதில்லை.

பழைய ஏற்பாட்டில் அளவுக்கு மீறி வாசிப்பது

நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் தவறு இது. அதனாலேயே திருத்துவதற்குக் கடினமானது. தேவன் என்று பொருள்படும் ஏலோகிம் என்ற எபிரெயச் சொல் பன்மை வடிவில் இருப்பதால் அது திரித்துவத்துக்குச் சான்று என்று சொல்லப்படுகிறது. ஆனால் 1 சாமுவேல் 5:7-இல் பெலிஸ்தரின் தாகோன் என்ற ஒரே தெய்வத்துக்கும், நியாயாதிபதிகள் 11:24-இல் காமோஸ் என்ற தெய்வத்துக்கும் அதே சொல்தான் பயன்படுகிறது. தாகோனிலும் மூன்று ஆள்தத்துவங்கள் உண்டா என்று கேட்டால் பதில் இல்லை. உபாகமம் 6:4-இல் "ஒருவரே" என்பதற்கு எபிரெயத்தில் வரும் ஏகாத் என்ற சொல் "கூட்டு ஒருமை" என்ற பொருளை மட்டுமே தரும், கணவனும் மனைவியும் ஒரே மாம்சமாவதைச் சொல்லும் ஆதியாகமம் 2:24-இலும் அதுவே வருகிறது என்று காட்டுவார்கள். எசேக்கியேல் 33:24-இல் ஆபிரகாம் ஒருவனாயிருந்து தேசத்தைச் சுதந்தரித்தான் என்னும் இடத்திலும் அதே ஏகாத் உண்டு. தமிழில் "ஒன்று" என்பதைப்போல அதுவும் எண்ணுப்பெயர்தான். ஒரு கல்லையும் ஒன்று எனலாம், ஒரு குடும்பத்தையும் ஒன்று எனலாம்.

"நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக" என்ற ஆதியாகமம் 1:26, ஏசாயா 6:3-இன் மும்முறைப் பரிசுத்தம் ஆகியவை புதிய ஏற்பாட்டின் வெளிச்சத்தில் திரும்பிப் பார்க்கும்போது பொருள் கூடும் இடங்கள். நிரூபணம் என்று அவற்றை முன்வைக்காமல், இசைவு என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நேர்மையானது.

எதிர்ப்பக்கத்துத் தவறும் பழைய ஏற்பாட்டிலிருந்தே வருகிறது. ஏசாயா 9:6 பிறக்கப்போகும் பாலகனை "நித்திய பிதா" என்று அழைப்பதால், குமாரனும் பிதாவும் ஒருவரே என்று முடிவுகட்டுகிறார்கள். தாவீதின் சிங்காசனத்தில் அமரும் அரசனின் பட்டங்கள் அங்கே அடுக்கப்படுகின்றன. குடிமக்களுக்குத் தகப்பனாக இருப்பவர் என்ற பொருளே அந்த இடத்துக்குப் பொருந்துகிறது. புதிய ஏற்பாட்டில் பிதா, குமாரன் என்று வழங்கும் உறவு அந்த வசனத்தின் பேசுபொருள் அல்ல.

உவமைகளை நம்புவது

தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உவமை எளிது, நினைவில் நிற்கும், தவறானது. ஒரே நீர் ஒரு நேரத்தில் ஒரு நிலையை ஏற்பதுபோல் தேவன் ஒரு காலத்தில் பிதாவாகவும் பிறகு குமாரனாகவும் தோன்றினார் என்பது, 3-ஆம் நூற்றாண்டில் சபெல்லியுஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்டு, திருச்சபை தள்ளிவிட்ட போதனை. ஒரே மனிதன் தகப்பனாகவும் மகனாகவும் கணவனாகவும் இருப்பது என்ற உவமையும் இதே குழியில்தான் விழுகிறது. மத்தேயு 3:16-17-இல் குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து ஒரு சத்தம் "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள். யோவான் 17:5-இல் உலகம் உண்டாகும் முன்னே பிதாவினிடத்தில் தமக்கு இருந்த மகிமையைக் குமாரன் நினைவுகூருகிறார். வேடம் வேடத்தோடு பேசுவதில்லை.

முட்டையின் ஓடு, வெண்கரு, மஞ்சள்கரு என்ற உவமை தேவனை மூன்று பங்காக்கிவிடுகிறது. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

சூரியனும் ஒளியும் மட்டும் சற்று வேறுபட்டவை, ஏனென்றால் எபிரெயர் 1:3 தானே குமாரனை "மகிமையின் பிரகாசம்" என்கிறது. நிசேயா விசுவாசப் பிரமாணமும் "ஒளியிலிருந்து ஒளி" என்று அறிக்கையிடுகிறது. பிரகாசமில்லாத சூரியன் ஒருபோதும் இருந்ததில்லை என்ற ஒரே கருத்துக்காகச் சபைப் பிதாக்கள் அதைக் கையாண்டார்கள். அந்த எல்லையைத் தாண்டி, வெப்பம்தான் ஆவியானவர் என்று நீட்டிக்கொண்டுபோனால், உவமை நம்மை ஆவியானவர் ஒரு வெறும் சக்தி என்ற இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

தாழ்மையைச் சொல்லும் வசனங்கள்

"என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (யோவான் 14:28), அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் (மாற்கு 13:32) போன்ற வசனங்களை மறைத்துவைக்க வேண்டியதில்லை. பிலிப்பியர் 2:6-7 தேவனுடைய ரூபம், அடிமையின் ரூபம் என்று இரண்டையும் ஒரே ஆளைப் பற்றியே சொல்வதைச் சபைப் பிதாவான அகுஸ்தீன் ஒரு வாசிப்பு விதியாகவே எடுத்துக்கொண்டார்: எந்த வசனம் எந்த ரூபத்தைக் குறித்துப் பேசுகிறது என்று கேள். நல்ல விதிதான். எனினும் அதை இயந்திரம்போல் எல்லா இடத்திலும் திணிப்பதும் ஒரு தவறாகிவிடுகிறது. யோவான் 5:19, குமாரன் தாமாய் ஒன்றும் செய்யமாட்டார் என்று சொல்லிவிட்டு, பிதா செய்கிறவற்றையெல்லாம் குமாரனும் அந்தப்படியே செய்கிறார் என்று முடிகிறது. இதை அவருடைய மனுஷத்தன்மைக்கு மட்டும் ஒதுக்க முடியாது, ஏனென்றால் பிதா செய்கிறவற்றையெல்லாம் செய்ய எந்த மனிதனாலும் ஆகாது. குமாரன் பிதாவிடமிருந்து வருகிறவர் என்ற வரிசையும், அவருக்குச் சமமானவர் என்ற உண்மையும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

கொலோசெயர் 1:15-இன் "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்பதை முதலில் படைக்கப்பட்டவர் என்று படிப்பவர்கள், சங்கீதம் 89:27-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈசாயின் குமாரரில் எல்லோருக்கும் இளையவனான தாவீதை அங்கே தேவன் முதற்பேறானவனாக்குகிறார். பிறப்பு வரிசையைக் காட்டிலும் உரிமையும் உயர்வுமே அந்தச் சொல்லின் எடை.

ஆவியானவரை "அது" என்று எண்ணுவது

ஆவி என்ற தமிழ்ச்சொல் அஃறிணை. கிரேக்கச் சொல்லும் அப்படியே. அதிலிருந்து ஆவியானவர் ஆள்தத்துவமற்ற சக்தி என்ற முடிவுக்குப் போகிறவர்கள், "குழந்தை அழுதது" என்று நாம் சொல்வதை மறந்துவிடுகிறார்கள். திணை சொல்லுக்கு உரியது. வார்த்தை என்ற சொல்லும் யோவான் 1:1-இல் "இருந்தது" என்று முடிந்தாலும், தமிழ் வேதாகமம் அடுத்த வசனத்திலேயே "அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்" என்று திணையை மாற்றிக்கொள்கிறது. "பரிசுத்த ஆவியானவர்", "தூய ஆவியார்" என்ற வழக்குகள் தமிழில் நிலைபெற்றதற்கும் காரணம் அதுவே.

இலக்கணத்தைவிட உறுதியான சான்று அவருடைய செயல்களில் இருக்கிறது. அப்போஸ்தலர் 13:2-இல் அவர் "நான் அழைத்த ஊழியத்துக்காக" என்று தன்மை ஒருமையில் பேசுகிறார். எபேசியர் 4:30-இன்படி அவரைத் துக்கப்படுத்த முடியும். 1 கொரிந்தியர் 12:11-இன்படி அவர் தமது சித்தத்தின்படியே வரங்களைப் பகிர்ந்துகொடுக்கிறார். அனனியா பரிசுத்த ஆவியினிடத்தில் பொய்சொன்னான் என்று தொடங்கும் பேதுரு, அடுத்த வசனத்திலேயே தேவனிடத்தில் பொய்சொன்னாய் என்கிறார் (அப்போஸ்தலர் 5:3-4). ஊற்றப்படுகிற ஒன்று எப்படி ஆளாக இருக்கும் என்று கேட்டால், 2 தீமோத்தேயு 4:6-இல் பவுல் தாமே பானபலியாக வார்க்கப்பட்டுப்போவதாக எழுதுகிறார். அதனால் பவுல் ஒரு திரவமாகிவிடவில்லை.

பாதி வசனத்தில் நின்றுவிடுவது

"பிதாவாகிய ஒரே தேவன் நமக்குண்டு" என்ற 1 கொரிந்தியர் 8:6-இன் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டி, பிதா மட்டுமே தேவன் என்று முடிப்பவர்கள் உண்டு. அந்த அளவுகோலை அடுத்த பாதிக்கும் வைத்தால், "இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்குண்டு" என்று இருப்பதால் பிதா கர்த்தரல்லர் என்று ஆகிவிடும். அதை யாரும் ஏற்கமாட்டார்கள். வசனத்தை முழுமையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. தேவன், கர்த்தர், ஒருவர் என்ற மூன்று சொற்களும் உபாகமம் 6:4-இல் உள்ளவை. யூதர் நாள்தோறும் அறிக்கையிடும் அந்த வாக்கியத்தைப் பவுல் எடுத்து, தேவன் என்ற சொல்லைப் பிதாவுக்கும் கர்த்தர் என்ற சொல்லை இயேசுவுக்கும் கொடுத்து, இருவரையும் சிருஷ்டிகரின் பக்கத்தில் நிறுத்துகிறார். சகலமும் பிதாவாலே, சகலமும் குமாரன்மூலமாய். ஒரே தேவன் என்ற அறிக்கைக்குப் பக்கத்தில் இரண்டாவது தெய்வம் ஒன்றை அவர் வைக்கவில்லை. அந்த அறிக்கைக்குள்ளேயே குமாரனைக் காண்கிறார்.

இது நிசேயாவுக்கு ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்கு முன், 50-களின் நடுவில் எழுதப்பட்ட நிருபம். அங்கே பவுல் கிறிஸ்துவின் தெய்வத்தன்மையைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கவுமில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்ணலாமா என்று கொரிந்து சபையார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வழியில், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக இதைச் சொல்லிவிட்டு, மறுபடியும் உணவைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார்.