1844 தேர்தலில் லிபர்ட்டி கட்சி யாரைத் தோற்கடித்தது? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

அடிமை முறையை எதிர்க்க 1840-இல் அமெரிக்காவில் உருவான லிபர்ட்டி கட்சியைப் பற்றி எங்கும் ஒரே வரிதான்: அக்கட்சியின் வேட்பாளர் பிர்னி வாக்கைப் பிரித்தார், விக் கட்சியின் கிளே தோற்றார், ஜனநாயகக் கட்சியின் போல்க் அதிபரானார். அதை நம்புமுன் நீங்களே கணக்குப் போடுங்கள்.

நாடு முழுவதும் பதிவான வாக்குகளை முதலில் ஒதுக்கிவையுங்கள். பிர்னிக்கு ஏறத்தாழ 62,000 வாக்கு, போல்க் கிளேயை முந்தியதோ 40,000-க்கும் குறைவு. இந்த இரண்டையும் ஒப்பிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதிபரைத் தீர்மானிப்பது தேர்வாளர் வாக்கு: ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று உண்டு, அன்று ஒரு மாநிலத்தில் மக்கள் வாக்கில் முந்தியவருக்கே அவை முழுவதும் போயின. மொத்தம் 275, வெல்ல 138. போல்க் 170, கிளே 105. ஆக, கிளேக்கு இன்னும் 33 வேண்டும். மிச்சிகனில் பிர்னி வாங்கியதும் போல்க் முந்தியதும் கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் அங்கே இருந்தது 5 தேர்வாளர் வாக்குதான். நியூயார்க்கில் 36. எனவே அந்த ஒரு மாநிலம் போதும்.

நியூயார்க்: போல்க் 237,588, கிளே 232,482, பிர்னி 15,812. வித்தியாசம் 5,106.

இப்போது இரண்டு விதமாகப் போடுங்கள். பிர்னி இல்லாவிட்டால் அவருடைய ஆட்களில் ஒரு பகுதி கிளேக்கு வாக்களிக்க, மற்றவர்கள் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்று வைத்தால் 5,107 பேர் போதும்; அதாவது 32 சதவீதம். எல்லோரும் வாக்களித்து, மீதிப் பேர் போல்க் பக்கம் போயிருந்தால் 10,460 பேர் வேண்டும்; 66 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பிர்னியின் வாக்காளரில் பலர் கிளேயின் விக் கட்சியிலிருந்து வந்தவர்கள் என்பது கிளே பக்கம் சாயும். ஆனால் கிளேயே அடிமைகளை வைத்திருந்தவர். தன் அடிமைகளை விடுவித்த பிர்னியைத் தேடி வந்தவர்களைக் கிளேயின் சொத்தாக எண்ணுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்து 1840-ஐப் பக்கத்தில் வையுங்கள். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அப்போது நியூயார்க்கில் விக் கட்சிக்கு ஏறத்தாழ 226,000, ஜனநாயகக் கட்சிக்கு 213,000. நான்கு ஆண்டுகளில் விக் வாக்கு குறையவில்லை, 6,000-க்கும் மேல் கூடியிருக்கிறது. ஜனநாயகக் கட்சிக்குக் கூடியதோ சுமார் 25,000. கிளேயை வீழ்த்தியதில் இந்த 25,000-க்கும் பங்கு உண்டு.

தென் மாநிலங்களில் பிர்னிக்கு வாக்கே இல்லையே என்று குழம்ப வேண்டாம். அன்று வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை, கட்சிகளே அச்சிட்டு விநியோகித்தன. சீட்டு போய்ச் சேராத ஊரில் ஆதரவாளர் இருந்தாலும் கணக்கில் வரமாட்டார். தென் கரோலினாவில் சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்தது. அங்கே மக்கள் வாக்கே கிடையாது.

எண்களை ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். தொகுப்புக்குத் தொகுப்பு சில வாக்குகள் மாறும். கலந்தால் வித்தியாசம் தப்பாக வரும்.