கான்ட்ராஸ்ட் மருந்தைப் பத்திரமாகக் கையாளுவது எப்படி? ஸ்கேன் அறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சிடி ஸ்கேன் அறையில் வேலை பழகுபவர்களின் கைக்குச் சீக்கிரமே வந்துவிடுவது கான்ட்ராஸ்ட் வயல், அதாவது ரத்தக் குழாய்களும் உறுப்புகளும் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக ஏற்றும் மருந்தின் குப்பி. நிறமில்லை, வாசனையில்லை. நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவருக்கு ஏற்றுகிறோம், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதனாலேயே, அது ஒரு மருந்து என்ற நினைப்பு மெல்ல விட்டுப்போகிறது. கான்ட்ராஸ்டால் வரும் கெடுதலில் பெரும்பங்கை இன்ஜெக்டர் (மருந்தை ஏற்றும் இயந்திரம்) பட்டனை அழுத்துவதற்கு முன்பே தடுத்துவிடலாம். அதற்கு எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்வது மருத்துவர். உங்கள் துறையில் எழுதி வைத்திருக்கும் நடைமுறைக்கே முதலிடம்.

படி 1: கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

கான்ட்ராஸ்டில் வேலை செய்வது அயோடின். அது கனமான தனிமம், அணு எண் 53. எக்ஸ்ரே கதிரை நன்றாக உறிஞ்சும். அதனால்தான் அது ஓடும் ரத்தக் குழாய் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் தனி அயோடினை ரத்தத்தில் ஏற்ற முடியாது, அது நஞ்சு. ஒரு பென்சீன் வளையத்தில் மூன்று அயோடின் அணுக்களை இறுக்கமாகப் பிணைத்து, அந்த மூலக்கூறு உடலில் சிதையாமல் சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறும்படி செய்திருக்கிறார்கள்.

வயலில் 300, 350, 370 என்று ஓர் எண் இருக்கும். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் அயோடின் என்பதையே அது சொல்கிறது. 350 வகையில் 100 மி.லி. ஏற்றினால் 35 கிராம் அயோடின் உள்ளே போகிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் வெறும் 150 மைக்ரோகிராம். ஏற்றுவதில் மிகச் சிறிய பகுதிதான் பிணைப்பில்லாமல் இருக்கும், ஆனாலும் தைராய்டுக்கு அது மிக அதிகம்.

அடுத்தது ஆஸ்மொலாலிட்டி, அதாவது திரவத்தில் கரைந்திருக்கும் துகள்களின் செறிவு. ரத்தத்தில் இது கிலோவுக்குச் சுமார் 290 மில்லிஆஸ்மோல். டயட்ரிசோயேட் போன்ற பழைய அயனி வகைகளில் (கரையும்போது மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிபவை) 1500-ஐயும் தாண்டும். அயோஹெக்சால், அயோபமிடால், அயோப்ரோமைடு போன்ற அயனியற்ற வகைகளில் ஏறக்குறைய 600 முதல் 900 வரை. அயோடிக்சனால் மட்டும் ரத்தத்துக்குச் சமமாக 290. இந்த வித்தியாசம் நோயாளியின் உடம்பில் தெரியும். ஜப்பானில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 1990-ல் வெளியான ஆய்வில், அயனி வகை ஏற்றியவர்களில் 12.66 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பாதிப்பு வந்தது. அயனியற்ற வகையில் அது 3.13 சதவீதம். கடுமையான பாதிப்பு 0.22 சதவீதத்திலிருந்து 0.04 ஆகக் குறைந்தது. இன்று ரத்தக் குழாயில் ஏற்ற அயனியற்ற வகைதான் வழக்கம். ஆனால் குடிக்கக் கொடுக்கவும், சிறுநீர்ப் பையில் செலுத்தவும் அயனி வகை பல இடங்களில் அலமாரியில் இருக்கிறது.

படி 2: வயலைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள்

இந்தப் படியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள திரவத்தில், அதாவது மயலோகிராம் பரிசோதனையில், தவறிப்போய் அயனி வகை ஏறிவிட்டால் கடுமையான வலிப்பு வரும், உயிரே போகலாம். ஒரே மருந்திலும் இந்தச் சிக்கல் உண்டு: அயோஹெக்சாலில் 180, 240, 300 வகைகளுக்கு முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள திரவத்தில் செலுத்த அனுமதி உண்டு, 350-க்குக் கிடையாது. வயல்கள் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். எனவே பெயர், எண், எந்த வழியில் செலுத்தலாம், காலாவதித் தேதி ஆகிய நான்கையும் சத்தமாகப் படியுங்கள், பக்கத்தில் நிற்பவர் கேட்கட்டும். அயனி வகையை வேறு அலமாரியில் வையுங்கள்.

குடிக்கும் அயனி வகையிலும் ஒரு கவனம் வேண்டும். அது நுரையீரலுக்குள் இறங்கினால் அதிக ஆஸ்மொலாலிட்டி காரணமாக நீரை இழுத்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுபவர், அரை மயக்கத்தில் இருப்பவர் என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

சேமிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறை வெப்பத்தில், வெளிச்சமும் எக்ஸ்ரே கதிரும் படாத இடத்தில் வையுங்கள், உறைய விடாதீர்கள். கலங்கல், துகள், படிகம் எது தெரிந்தாலும் அந்த வயல் வேண்டாம். ஏற்றுவதற்கு முன் வார்மரில் 37 டிகிரிக்குச் சூடாக்கினால் பிசுபிசுப்பு குறைந்து எளிதாக ஓடும், 370 வகையில் இது நன்றாகவே தெரியும். ஒருவருக்கான வயலில் மீதியிருப்பதை அடுத்தவருக்கு வைத்திருக்காதீர்கள்.

படி 3: நோயாளியிடம் கேட்க வேண்டியவை

"அலர்ஜி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "இதற்கு முன் ஸ்கேனுக்காக ஊசி போட்டிருக்கிறார்களா? அப்போது அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு, மயக்கம் ஏதாவது வந்ததா?" முன்பு ஒவ்வாமை வந்ததுதான் மறுபடி வருவதற்கான மிகப் பெரிய அறிகுறி. வந்திருந்தால் அப்போது ஏற்றிய மருந்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வேறு கான்ட்ராஸ்டுக்கு மாறலாமா, முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்கலாமா, கான்ட்ராஸ்டே இல்லாமல் பார்க்கலாமா என்று ரேடியாலஜிஸ்ட் முடிவெடுப்பார்.

ஆஸ்துமா, வேறு கடுமையான ஒவ்வாமைகள் பற்றியும் கேளுங்கள். அவை ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும்.

இறால், நண்டு சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாதவருக்குக் கான்ட்ராஸ்ட் கூடாது என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. அது தவறு. அந்த ஒவ்வாமை இறாலில் உள்ள ட்ரோபோமையோசின் என்ற புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதே பதில்தான். இந்த நம்பிக்கையால் தேவையான ஸ்கேன் தள்ளிப்போய், நோய் தெரியாமலே போவதும் ஒரு கெடுதல்தான்.

தைராய்டு பற்றிக் கட்டாயம் கேளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்து கட்டுக்குள் வராதவர்களுக்கு நிலைமை மோசமாகலாம். கதிரியக்க அயோடின் சிகிச்சையோ தைராய்டு ஸ்கேனோ சீக்கிரம் எடுக்கவிருப்பவர்களுக்கு, கான்ட்ராஸ்ட் ஏற்றினால் தைராய்டு அயோடினால் நிறைந்துவிடும், பிறகு பல வாரம் காத்திருக்க வேண்டிவரும். மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, ஏற்றிய மூன்று வாரத்துக்குள் தைராய்டு செயல்பாட்டைச் சோதிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் பரிந்துரைத்தது.

கர்ப்பமா என்பதையும் கேட்டாக வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்கள் பயந்து கேட்பார்கள். ஏற்றியதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தாய்ப்பாலில் வரும், அதிலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் குழந்தையின் குடலில் உறிஞ்சப்படும். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

படி 4: சிறுநீரகமும் மெட்ஃபார்மினும்

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப் பொருளின் ரத்த அளவு) எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெலிந்த முதியவருக்கு அது இயல்பாகத் தெரிந்தாலும் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கலாம். சிறுநீரகம் எவ்வளவு வேகமாக ரத்தத்தை வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் ஈஜிஎஃப்ஆர் கணக்கைப் பாருங்கள். 30-க்குக் கீழே இருந்தாலோ, சிறுநீரகம் திடீரெனப் பழுதாகியிருந்தாலோ நிறுத்தி மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்றத்தான் வேண்டும் என்றால் முன்னும் பின்னும் சலைன் ஏற்றச் சொல்வார். ஏற்றிய பின் இரண்டு, மூன்று நாள் கழித்துக் கிரியாட்டினினை மறுபடி பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்வதில்லை. சிறுநீரகம் நின்றுபோனால் மெட்ஃபார்மின் உடம்பிலேயே தங்கி லாக்டிக் அமிலம் சேரும் என்பதுதான் பயம். எனவே ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே உள்ளவர்கள் அதை 48 மணி நேரம் நிறுத்திவிட்டு, சிறுநீரகத்தைச் சோதித்த பிறகு தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு, கையில் ஊசி வழியாக ஏற்றும்போது பொதுவாக நிறுத்தத் தேவையில்லை.

படி 5: ஊசியும் இன்ஜெக்டரும்

முழங்கை மடிப்பில் உள்ள நல்ல நரம்பைத் தேர்ந்தெடுங்கள். வேகமாக ஏற்றும் ஸ்கேனுக்கு 20 கேஜ் அல்லது அதைவிடப் பெரிய ஊசி வேண்டும் (கேஜ் எண் குறையக் குறைய ஊசி பெரிது). முதலில் சலைனைச் செலுத்திப் பாருங்கள். வலித்தாலோ வீங்கினாலோ வேறு இடம் தேடுங்கள், நேரமில்லை என்று அதிலேயே ஏற்றாதீர்கள். சிரிஞ்சிலும் டியூபிலும் காற்று ஒரு குமிழி கூட இல்லாமல் வெளியேற்றுங்கள்.

"உடம்பு திடீரென்று சூடாகும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டது போல இருக்கும், அரை நிமிடத்தில் சரியாகிவிடும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் நோயாளி பயந்து அசைவார், படமும் கெடும்.

ஏற்றத் தொடங்கும்போது முதல் சில விநாடிகள் ஊசி முனையில் விரலை வைத்திருங்கள். தோலுக்கு அடியில் கசிந்தால் உடனே நிறுத்துங்கள். கையை இதயத்துக்கு மேலே உயர்த்தி, குளிர் ஒத்தடம் கொடுங்கள். வலி கூடினாலோ, விரல் மரத்தாலோ, தோல் கொப்புளித்தாலோ, நகம் அழுத்திவிட்டால் சிவப்பு திரும்பத் தாமதமானாலோ உடனே அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தசைப் பகுதிக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நிற்கலாம்.

படி 6: அடுத்த அரை மணி நேரம்

கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். நோயாளியை அரை மணி நேரம் உங்கள் கண் பார்வையில் உட்கார வையுங்கள். ஊசியை அதுவரை எடுக்காதீர்கள், அவசரத்தில் நரம்பு கிடைக்காது.

நான்கைந்து தடிப்புகள், லேசான அரிப்பு, குமட்டல் என்றால் கவனித்துக்கொண்டே மருத்துவரிடம் சொல்லுங்கள். குரல் கரகரத்தாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ அது அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின். ஒவ்வாமை மாத்திரையோ ஸ்டீராய்டோ அல்ல. பெரியவர்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் 1 மி.கி. உள்ள ஆம்ப்யூலிலிருந்து 0.3 முதல் 0.5 மி.கி. வரை, தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவார்கள். தேவைப்பட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் மறுபடியும். ஆக்சிஜன் கொடுத்து, படுக்க வைத்து, காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுபவர் உட்காரவே விரும்பினால் வற்புறுத்திப் படுக்க வைக்காதீர்கள்.

புதியவர்களுக்கு உதவும் ஓர் அடையாளம்: நாடியைத் தொட்டுப் பாருங்கள். ஊசியைப் பார்த்த பயத்தில் வரும் மயக்கத்தில் நாடி மெதுவாக ஓடும். அனஃபிலாக்சிஸில் பெரும்பாலும் வேகமாக ஓடும். ஆனால் பீட்டா பிளாக்கர் (இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் ஒரு மாத்திரை வகை) சாப்பிடுபவர்களுக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். அட்ரினலினும் சரியாகக் கேட்காது, அவர்களுக்கு குளூககான் என்ற மருந்து தேவைப்படலாம். எனவே அந்த மாத்திரையைப் பற்றி மூன்றாம் படியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அட்ரினலின் பெட்டி எங்கே, சாவி யாரிடம், தேதி தாண்டிவிட்டதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகும் ஒரு வாரத்துக்குள் தோலில் தடிப்பு வரலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

படி 7: சிந்தினால், மிஞ்சினால்

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோலில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தரையில் சிந்தியது வழுக்கும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும், எனவே காய்வதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மேசையிலோ ஸ்கேனரின் வளையத்திலோ ஒரு துளி காய்ந்து கிடந்தால் அடுத்தவரின் படத்தில் வெள்ளைக் கோடாக, புள்ளியாக வரும். சுண்ணாம்புப் படிவு என்றோ ரத்தக்கசிவு என்றோ தவறாகப் படிக்கவும் வாய்ப்புண்டு.

மிஞ்சியதை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள். இந்த மூலக்கூறு சிதையாதபடி செய்யப்பட்டது என்று முதலில் சொன்னேன் அல்லவா? அதனாலேயே சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் அது உடைவதில்லை, ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேருகிறது. குளோரின் கலக்கும்போது அதிலிருந்து அயோடின் கொண்ட நச்சுப் பொருட்கள் உருவாகலாம். மிஞ்சியதை உங்கள் இடத்தின் மருந்துக் கழிவு முறைப்படி தனியாகச் சேர்த்துக் கொடுங்கள். சில தயாரிப்பாளர்கள் மீதியைத் திரும்ப வாங்கி அயோடினைப் பிரித்தெடுக்கிறார்கள், உங்கள் ஊரில் அந்த வசதி உண்டா என்று கேளுங்கள்.

படி 8: எழுதி வையுங்கள்

மருந்தின் பெயர், எண், எத்தனை மி.லி., என்ன வேகம், எந்தக் கையில், தொகுதி எண், ஏதாவது ஆனதா என்று பதியுங்கள். "அயோடின் அலர்ஜி" என்று மட்டும் எழுதாதீர்கள். அடுத்த முறை அதைப் படிப்பவருக்கு எந்த மருந்து, எவ்வளவு கடுமை என்று எதுவும் தெரியாது. இப்படி எழுதினால் உதவும்: "அயோஹெக்சால் 350, 80 மி.லி., இடது முழங்கை. ஏற்றி 6 நிமிடத்தில் மார்பிலும் கழுத்திலும் தடிப்பு, மூச்சிரைப்பு இல்லை, ரத்த அழுத்தம் இயல்பு. 40 நிமிடத்தில் அடங்கியது."