நுரையீரல் தரவு ஆராய்ச்சிக்குச் சிங்கப்பூர் வருகிறீர்களா? கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

வேலை தேடும்போது "போஸ்ட்டாக்" (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) என்று மட்டும் தட்டினால் பாதி விளம்பரங்கள் கண்ணில் படாது. இங்குள்ள பல்கலைக்கழகங்கள் அதே பணியை "ரிசர்ச் ஃபெல்லோ" என்கின்றன. அரசு ஆராய்ச்சி அமைப்பான ஏ-ஸ்டாரின் நிலையங்களில் "சயின்டிஸ்ட்" என்று இருக்கும். அந்தப் பெயர்களிலும் தேடுங்கள்.

நுரையீரலும் கணினியும் சந்திக்கும் வேலை பெரும்பாலும் மூன்று வட்டாரங்களில் கிடைக்கும். நொவீனாவில், டான் டொக் செங் மருத்துவமனையை ஒட்டி, லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி இருக்கிறது. மூச்சுக்குழாய் விரிவு நோய், சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்), சளியில் வாழும் நுண்ணுயிர்கள் என்று போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். புவன விஸ்தாவின் பயோபொலிஸில் ஜீனோம் நிலையமும் உயிர்த்தகவலியல் நிலையமும் உள்ளன. கிழக்காசியர்களின் நுரையீரல் புற்றுநோய் மரபணுத் தொகுதி பற்றி 2020-ல் 305 நோயாளிகளை வைத்து வெளிவந்த ஆய்வு ஜீனோம் நிலையத்தின் பங்கோடு நடந்தது. ஊட்ரமில் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் தேசியப் புற்றுநோய் நிலையமும் பக்கத்தில் பக்கத்தில்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "எனக்கு சூராட் தெரியும், பைத்தான் தெரியும்" என்று மென்பொருள் பட்டியல் போடாதீர்கள்; எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். பொதுவில் கிடைக்கும் ஒரு தரவை எடுத்து, அதில் என்ன தவறு நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்ததைக் காட்டுங்கள். 2023-ல் வந்த மனித நுரையீரல் செல் அட்லஸ் (செல்வாரியாக மரபணு இயக்கத்தைத் தொகுத்த தரவு) நல்ல தொடக்கம்: 486 பேர், 24 லட்சம் செல்கள், ஆனால் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினர். நுரையீரல் தழும்பு நோய்க்கான மிக வலுவான மரபணு அபாயக் குறியான முக்5பி என்ற மரபணுவின் மாற்றம் ஐரோப்பியரிடம் பரவலாகவும் கிழக்காசியரிடம் அரிதாகவும் இருக்கிறது. அங்கே கிடைத்த விடையை இங்குள்ள நோயாளிமேல் அப்படியே ஏற்றி வைக்க முடியாது. இதை ஒரு பத்தியில் சொல்லத் தெரிந்தவருக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

நேர்காணலில் அடிக்கடி ஆட்டம் காண்பது தர வடிகட்டல், அதாவது தரமில்லாத செல்களைத் தரவிலிருந்து நீக்குவது. ஒரு செல்லில் 200 மரபணுவுக்குக் குறைவாகத் தெரிந்தால் நீக்கு என்று வழக்கமான பைப்லைன் (பகுப்பாய்வு நிரல்வரிசை) சொல்லும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களில் ஆர்என்ஏ இயல்பிலேயே குறைவு; அந்த ஒரு வரியில் அவை மொத்தமாகக் கழிந்துபோகும். பிறகு நோயாளியின் சளியில் நியூட்ரோஃபிலே இல்லை என்று வரைபடம் சொல்லும்! நுண்ணுயிர் வேலையில் இதற்கு நேர் எதிரான சிக்கல். கழுவி எடுத்த நுரையீரல் மாதிரியில் டிஎன்ஏ மிகக் குறைவு என்பதால் டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலிருந்து வரும் ரால்ஸ்டோனியா போன்ற பாக்டீரியாக்கள் நோய்க்கிருமி வேடம் போடும். வெற்றுக் கிட் கட்டுப்பாட்டு மாதிரி (நோயாளி மாதிரி சேர்க்காத சோதனை) ஓட்டினார்களா என்று நீங்களே கேளுங்கள்.

கூடவே இன்னும் மூன்று கேள்வி: மானியம் எந்த மாதம் முடிகிறது, தரவு கையில் இருக்கிறதா அல்லது இன்னும் சேகரிக்கிறார்களா, நெறிமுறைக் குழு அனுமதியில் உங்கள் பெயரைச் சேர்க்க எவ்வளவு நாளாகும். நோயாளித் தரவை மடிக்கணினியில் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மருத்துவமனைச் சர்வருக்குள்ளேயே வேலை செய்யச் சொல்வார்கள். அனுமதி தாமதமானால் ஓராண்டு ஒப்பந்தத்தில் மூன்று மாதம் காற்றில் போய்விடும். அந்த இடைவெளிக்கு ஒரு பொதுத் தரவுத் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய சூப்பர்கம்ப்யூட்டரான ஆஸ்பயர் 2ஏ-யில் வேலைகளை வரிசைப்படுத்த பிபிஎஸ் மென்பொருள் ஓடுகிறது; இன்னொரு மென்பொருளான ஸ்லர்முக்கு எழுதிய ஸ்கிரிப்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனி சம்பளம். எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கான (வெளிநாட்டுத் தொழில்நிபுணர் வேலை அனுமதி) குறைந்தபட்சச் சம்பளம் வயதோடு ஏறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2025 விதிப்படி 23 வயதுக்கு 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 45-க்கு 10,700. 32 வயதுக்காரருக்கு ஏறத்தாழ 7,700. கூடவே விண்ணப்பத்தை மதிப்பிடும் காம்பஸ் முறையில் 40 புள்ளி வேண்டும். வேலைக் கடிதம் வந்ததும் மனிதவள அமைச்சின் சுய மதிப்பீட்டுக் கருவியில் போட்டுப் பாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். சம்பளம் எட்டாவிட்டால் அதற்குக் கீழ்நிலை அனுமதியான எஸ் பாஸ் பற்றிப் பேசுவார்கள். எந்த பாஸானாலும் கணவனோ மனைவியோ வர உங்கள் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியைத் தொட வேண்டும். போனஸ் அதில் சேராது. 5,800-உம் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் என்றால் கணக்கு 5,800 மட்டுமே.

நம்மவர்களை அதிகம் தடுமாற வைப்பது இனிஷியல். சான்றிதழில் "கு. செந்தில்", பாஸ்போர்ட்டில் "செந்தில் குமாரசாமி" என்றிருந்தால் பட்டச் சரிபார்ப்பு இழுக்கும். இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஊரிலிருந்தே நோட்டரி போட்டு எடுத்து வாருங்கள். பட்டமளிப்பு முடியாதவர்கள் தற்காலிகச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாடகைக்கு இருக்கக் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் வேண்டும்; முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. வெளிநாட்டவருக்கு மசே நிதி (மத்திய சேம நிதி) கிடையாது, மாதச் சம்பளத்தில் வரிப் பிடித்தமும் கிடையாது. கையில் முழுத்தொகை வருகிறதே என்று மகிழ்ந்து செலவழித்தால் அடுத்த ஆண்டு வரிக் கடிதம் வரும்போது கை கடிக்கும். ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) வழியே பன்னிரண்டு தவணையாகக் கட்டலாம். வேலையை விட்டு நாட்டைவிட்டுக் கிளம்பும்போது வரிக் கணக்குத் தீரும்வரை முதலாளி உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைப்பார். கடைசி மாத வாடகைக்கும் விமானச் சீட்டுக்கும் அதை நம்பியிருக்காதீர்கள்.