முதல் முறை கேக் செய்கிறீர்களா? பவுண்ட் கேக்கில் தொடங்குங்கள்

புதிதாக பேக்கிங் பழகுபவர்கள் பலரும் பார்க்க அழகாக இருக்கும் கேக்கைத்தான் முதலில் எடுக்கிறார்கள். மூன்று அடுக்கு, நடுவில் கிரீம், மேலே சாக்லேட். அது சரியாக வராவிட்டால் எந்த இடத்தில் தவறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் யார் கேட்டாலும் நான் பவுண்ட் கேக்கைத்தான் சொல்வேன். மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கும் ஒரே எடை. அந்தக் காலத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் போட்டதால் வந்த பெயர் இது. நான்கே பொருள் என்பதால் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அது புரிந்துவிட்டால் வேறு எந்தக் கேக்கின் செய்முறையைப் படித்தாலும் பயம் இருக்காது.

நாம் 200 கிராம் கணக்கில் செய்வோம்.

மைதா – 200 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 200 கிராம்
சர்க்கரை – 200 கிராம்
முட்டை – 4 (ஓடு நீக்கினால் ஒன்று ஏறத்தாழ 50 கிராம் வரும்)
பேக்கிங் பவுடர் – ஒன்றரை டீஸ்பூன்
உப்பு – கால் டீஸ்பூன்
வெண்ணிலா எசன்ஸ் – 1 டீஸ்பூன்

9 அங்குல நீளம், 5 அங்குல அகலம் உள்ள பிரெட் டின் ஒன்று வேண்டும். சர்க்கரை பெரிய பரலாக இருந்தால் மிக்சியில் ஒன்றிரண்டு சுற்று விடுங்கள். மாவாகப் பொடித்துவிட வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன்.

பட்டியலில் இல்லாத ஒரு பொருள் தராசு. தயவுசெய்து கப்பில் அளக்காதீர்கள். டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி எடுத்தால் ஒரு கப் மைதா 150 கிராம் வரை வரும். அதே கப்பில் கரண்டியால் தளர்வாக அள்ளிப் போட்டால் 120, 125 கிராம்தான். கேக் வறண்டுபோனதற்கு ஓவனைக் குறை சொல்பவர்கள் பலர், ஆனால் பிழை அந்த ஒரு கப்பில்தான் இருந்திருக்கும்.

முதல் வேலை: வெண்ணெயையும் முட்டையையும் முன்கூட்டியே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெப்பமானி தேவையில்லை, விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் எளிதாக விழ வேண்டும், ஆனால் எண்ணெய்ப் பளபளப்பு தெரியக் கூடாது. பளபளத்தால் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். உருகிய வெண்ணெய் காற்றைப் பிடித்துவைக்காது. முட்டையை எடுத்துவைக்க மறந்துவிட்டீர்களா? ஓட்டோடு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தால் போதும்.

இரண்டாவதாக, டின்னின் உள்ளே வெண்ணெய் தடவி, இரண்டு நீளப் பக்கங்களிலும் வெளியே தொங்கும்படி பட்டர் பேப்பர் போடுங்கள். ஓவனின் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் சூடாகும் அமைப்பில் 170 டிகிரி வைத்து இயக்குங்கள். மின்விசிறி அமைப்பு மட்டும் இருந்தால் 150 போதும். இருபது நிமிடமாவது சூடாகட்டும். மாவு கலக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், கலந்த மாவு காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது படிதான் இந்தக் கேக்கின் உயிர். வெண்ணெய், சர்க்கரை, உப்பு மூன்றையும் சேர்த்து பீட்டரால் (மின்சாரத்தில் அடிக்கும் கருவி) நடுத்தர வேகத்தில் நான்கைந்து நிமிடம் அடியுங்கள். கையால் மரக்கரண்டி கொண்டு அடித்தால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இடையிடையே ஓரங்களை வழித்து நடுவே தள்ளுங்கள். மஞ்சளாக இருந்த வெண்ணெய் மெல்ல வெளுத்து, தந்த நிறத்துக்கு வந்து, பஞ்சுபோல உப்ப வேண்டும். கடிகாரத்தைவிட இந்த நிற மாற்றத்தைத்தான் நான் நம்புகிறேன்.

இவ்வளவு நேரம் எதற்கு? சர்க்கரைப் பரலின் கூரான விளிம்புகள் வெண்ணெயைக் கீறிக்கொண்டு போகும்போது, அந்தக் கீறல்களில் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்கின்றன. மாவாகப் பொடித்த சர்க்கரைக்கு இந்த வேலை அவ்வளவாக வராது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதில்லை. இப்போது நீங்கள் அடித்து ஏற்றிய குமிழ்களைத்தான் ஓவனில் பெரிதாக்குகிறது. இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்பவர் பேக்கிங் பவுடரை உருவாக்கியது 1843-இல். அதற்கு முன்பும் பவுண்ட் கேக் உப்பியது, கை வலிக்க அடித்த காற்றால் மட்டுமே. ஆகவே இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் சுருக்கிவிடாதீர்கள்.

அடுத்தது முட்டை. நான்கையும் ஒரு கிண்ணத்தில் உடைத்து, வெண்ணிலா சேர்த்து லேசாகக் கலக்குங்கள். அதை ஐந்தாறு தடவையாக வெண்ணெய்க் கலவையில் ஊற்றி, ஒவ்வொரு முறையும் முழுதாகச் சேர்ந்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர், வெண்ணெயில் பெரும்பங்கு கொழுப்பு. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துவைப்பது மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின். அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். ஒருமுறை அவசரத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு நான்கு முட்டையையும் ஒரே தடவையில் ஊற்றிவிட்டேன். கலவை திரிந்த பால்போல ஆகிவிட்டது. அப்படியே மாவைச் சேர்த்து வேகவைத்ததில் அடியில் எண்ணெய் ஊறிய கெட்டிப் படலம் ஒன்று உட்கார்ந்திருந்தது. உங்களுக்கும் கலவை திரிவதுபோலத் தெரிந்தால் நிறுத்திவிட்டு, எடுத்துவைத்த மைதாவிலிருந்தே இரண்டு ஸ்பூன் போட்டு அடியுங்கள். பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

சரி, இனி பீட்டரை ஓரமாக வைத்துவிடலாம். மைதாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்துச் சலித்து, மூன்று தடவையாகப் போட்டு, ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். வெள்ளைக் கோடுகள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். மைதா ஈரத்தோடு சேர்ந்து அதிகமாகக் கலக்கப்பட்டால் குளூட்டன் என்ற இழுவைத்தன்மையுள்ள புரதம் இறுகும். ரொட்டிக்கு அது தேவை, கேக்கில் அது மென்மையைக் கெடுத்துவிடும்.

கலவையை டின்னில் நிரப்பி, மேலே சமன்செய்து, ஓவனின் நடுத்தட்டில் வையுங்கள். 50 முதல் 60 நிமிடம் ஆகும். முதல் 40 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். முட்டையும் மாவும் இறுகி நிற்கும் முன் குளிர்ந்த காற்று பட்டால் நடுவில் அமுங்கிவிடும். மேலே நீளவாக்கில் வெடிப்பு விழுந்தால் பதற வேண்டாம். மேல்புறம் இறுகிய பிறகும் உள்ளே இருப்பது உப்புவதால் வருவது அது, பவுண்ட் கேக்கின் லட்சணமே அதுதான். 40 நிமிடத்துக்குப் பிறகு நிறம் அதிகமாக ஏறினால் மேலே ஃபாயில் தாளைத் தளர்வாகப் போடுங்கள். நடுவில் குத்திய மெல்லிய குச்சியில் ஈர மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

வெளியே எடுத்து டின்னிலேயே பத்து நிமிடம் விட்டு, பேப்பரைப் பிடித்துத் தூக்கிக் கம்பித்தட்டில் வையுங்கள். அதற்குமேல் டின்னிலேயே கிடந்தால் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். வெட்டுவதற்கு ஒரு மணி நேரமாவது பொறுங்கள். சூட்டில் வெட்டினால் உதிரும், உள்ளே வேகாததுபோலவும் தோன்றும். மறுநாள் இதன் சுவை இன்னும் நன்றாக இருக்கும்.

இப்போது ஒரு துண்டை எடுத்து அதன் குறுக்குவெட்டைப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரி சிறு துளைகள் இருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. நீண்ட சுரங்கம் போன்ற துளைகள் தெரிந்தால் மாவை அதிகம் கலக்கியிருக்கிறீர்கள். மொத்தமும் அடர்த்தியாக இருந்தால் வெண்ணெயை அடித்தது போதவில்லை, அல்லது பேக்கிங் பவுடர் பழசு. ஒரு ஸ்பூன் பவுடரில் சூடான தண்ணீர் ஊற்றுங்கள். உடனே நுரைத்துப் பொங்காவிட்டால் புதிது வாங்க வேண்டும்.

வெண்ணெய் எவ்வளவு மென்மையாக இருந்தது, எத்தனை நிமிடம் அடித்தீர்கள், ஓவனில் எத்தனை நிமிடம் இருந்தது என்று மூன்று வரி எழுதிவையுங்கள். ஓவனுக்கு ஓவன் சூடு மாறும், உங்கள் ஓவனைப் பற்றி எந்தச் செய்முறையும் சொல்லாததை அந்த மூன்று வரி சொல்லும்.

அடுத்த முறை ஏதாவது மாற்ற ஆசை வரும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஓர் எலுமிச்சையின் மஞ்சள் தோலைத் துருவி, சர்க்கரையோடு விரலால் நன்றாகக் கசக்கிவிட்டு, அதன்பின் வெண்ணெயில் சேர்த்து அடியுங்கள். தோலில் உள்ள எண்ணெய் சர்க்கரையில் இறங்கி, அடிக்கும்போதே சமையலறை முழுக்க மணக்கும்.