சபை வரலாறு எழுதப் போறீங்களா? அனுப்பின மிஷன் சொசைட்டியைத் தேடிப் பிடிக்கறது எப்படி, கே.எல்.ல (கோலாலம்பூர்ல) இருந்துக்கிட்டே

ஜூபிலி மலர் போடற சர்ச் எதை எடுத்துப் பார்த்தாலும் முதல் பக்கத்துல ஒரே வரிதான் இருக்கும், "மேலைநாட்டு மிஷனரிகள் வந்து இச்சபையை நிறுவினார்கள்"னு. அப்புறம் ஒரு வெள்ளைக்காரர் போட்டோ, அதோட கதை முடிஞ்சுது. அவரை அனுப்பினது யாரு, எந்த கமிட்டி உட்கார்ந்து முடிவு பண்ணுச்சு, கப்பல் காசு எங்கிருந்து வந்துச்சு, ஏன் இந்த ஊருக்கு அனுப்பினாங்க, ஏன் திடீர்னு நிறுத்தினாங்க, இதெல்லாம் யாரும் தொடறதே இல்ல. ஆனா உண்மையான வரலாறு அங்கதான் இருக்கு, அதுவும் தேடினா கிடைக்கற வரலாறு, ஏன்னா மிஷன் சொசைட்டிங்க மாதிரி பேப்பரை பத்திரமா வச்சவங்க ரொம்ப கம்மி. பிரிக்ஃபீல்ட்ஸ்ல, செந்தூல்ல, பினாங்குல இந்த மாதிரி மலர் வேலை யார் தலையிலயாவது விழுந்திருந்தா அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

உதாரணத்துக்கு இங்கிலாந்து பிரஸ்பிட்டேரியன் மிஷனை எடுத்துக்கறேன், பிரஸ்பிட்டேரியன்னா மூப்பர்கள் குழு நிர்வாகம் பண்ற புராட்டஸ்டண்ட் சபைப் பிரிவு. நம்ம நாட்டு பிரஸ்பிட்டேரியன் சபைக்கு அதுதான் தாய்வீடு. "அது சீனவங்க சபையாச்சே, நமக்கு என்ன"ன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுங்க, கடைசியில அது நாகர்கோவில் பக்கத்துல இருந்து இங்க வந்த நம்ம தாத்தாவோட கதைக்குப் பக்கத்துலயே வந்து நிக்கும்.

முதல் வேலை, பேர் சங்கிலியை ஒரு பெரிய தாள்ல வரைஞ்சு வைக்கறது. இதைச் செய்யாம தேட ஆரம்பிச்சா பாதியிலயே குழம்பிடுவீங்க, ஏன்னா இந்த அமைப்புங்க பேர் மாத்திக்கிட்டே இருக்கும், ஒன்னோட ஒன்னு சேர்ந்துக்கிட்டே இருக்கும். இங்கிலாந்து பிரஸ்பிட்டேரியன் சபை தன்னோட முதல் மிஷனரி வில்லியம் சால்மர்ஸ் பர்ன்ஸை 1847-ல சீனாவுக்கு அனுப்புச்சு. அந்த வேலையை நடத்தினது சபையோட ஃபாரின் மிஷன்ஸ் கமிட்டி, பெண்களோட மிஷனரி சங்கம் 1878-ல தனியா ஆரம்பிச்சது. 1972-ல அந்த சபையும் காங்கிரிகேஷனல் சபையும் (ஒவ்வொரு உள்ளூர் சபையும் தன்னைத் தானே நடத்திக்கற புராட்டஸ்டண்ட் பிரிவு) இணைஞ்சு யுனைடெட் ரிஃபார்ம்ட் சர்ச் ஆச்சு. இன்னொரு பக்கம் லண்டன் மிஷனரி சொசைட்டி, நம்ம ஊர்ல எல்.எம்.எஸ்.னு சொல்றது, 1795-ல ஆரம்பிச்சது, 1966-ல வேற ஒரு சொசைட்டியோட சேர்ந்து பேர் மாறுச்சு, 1973-ல கவுன்சில் ஃபார் வேர்ல்டு மிஷன் ஆச்சு. பிரஸ்பிட்டேரியன் மிஷனோட வேலையும் அதே குடைக்குள்ள வந்துருச்சு. இப்ப 1977-ங்கற வருஷத்தை சிவப்பு பேனாவுல வட்டம் போடுங்க. அனுப்பறவங்க ஒரு பக்கம், வாங்கிக்கறவங்க ஒரு பக்கம்ங்கற ஏற்பாட்டையே அந்த வருஷம் எடுத்துட்டு, எல்லா சபைகளும் சமமா ஒரே மேசையில உட்கார்ந்து முடிவெடுக்கறதுன்னு மாத்தினாங்க. 2012-ல தலைமை அலுவலகமே லண்டனை விட்டு சிங்கப்பூருக்கு வந்துருச்சு. ஒரு காலத்துல சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பின ஆபீஸ், இப்ப நம்ம கே.எல்.ல இருந்து பஸ் ஏறினா போயிடற தூரத்துல இருக்கு.

அடுத்து "ஏன் இங்க, ஏன் அப்ப"ங்கற கேள்வி. இதுக்குத்தான் நான் ரொம்ப நேரம் கொடுப்பேன், நீங்களும் கொடுங்க. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர்ல எல்.எம்.எஸ். வேலை ஆரம்பிச்சது இந்த ஊர்களுக்காக மட்டும் இல்ல, சீனாவுக்குள்ள அப்ப நுழைய முடியாது, அதனால வாசல்ல உட்கார்ந்து காத்திருந்தாங்க. வில்லியம் மில்ன் 1815-ல மலாக்கா வந்தார், அங்க 1818-ல ஆங்கிலோ-சைனீஸ் காலேஜ் ஆரம்பிச்சாங்க, பினாங்குக்கு தாமஸ் பெய்டன் 1819-ல வந்து 1844-ல சாகற வரைக்கும் இங்கயே இருந்தார். இதுக்கு நடுவுல பிரிட்டனும் சீனாவும் மோதின அபின் போர் முடிஞ்சு 1842 நான்கிங் ஒப்பந்தத்துல சீனாவோட அஞ்சு துறைமுகத்தைத் திறந்துவிட்டாங்க, சொசைட்டி இங்க இருந்த வேலையை மூடிட்டு ஆளையும் அச்சு இயந்திரத்தையும் சீனா பக்கம் நகர்த்துச்சு. பர்ன்ஸ் சீனாவுக்குப் போக முடிஞ்சதும் அதே கதவு வழியாத்தான். கதவைத் திறந்தது பீரங்கின்னு மலர்ல தயங்காம எழுதுங்க, அதை விட்டுட்டு எழுதினா வருஷங்கள் இருக்கும், காரணம் இருக்காது.

லண்டன்ல முடிவு எடுத்துட்டாலும் எல்லாரும் கிளம்பிடல. சிங்கப்பூர்ல பெஞ்சமின் கீஸ்பெரினு ஒருத்தர் மலாய் பேசறவங்க மத்தியில வேலை செஞ்சவர், பிரின்செப் ஸ்ட்ரீட்ல 1843-ல சாப்பல் கட்டினவர், நான் போகலன்னு சொசைட்டியை விட்டு விலகி, அச்சுக்கூடம் நடத்தி அந்த வருமானத்துல 1875-ல சாகற வரைக்கும் வேலையைத் தொடர்ந்தார். மலாக்காவுல பொறந்த, தமிழ் ரத்தமும் கலந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா தன்னோட சுயசரிதையை 1849-ல கல்லச்சுல போட்டது இவரோட பிரஸ்லதான். கீஸ்பெரி கட்டின சாப்பல் பிற்பாடு பிரஸ்பிட்டேரியன்கள் கைக்கு வந்துச்சு. சொசைட்டி வரலாறுன்னா சொசைட்டி சொன்னதை மட்டும் எழுதறது இல்ல, சொசைட்டி சொல்லியும் கேக்காதவங்களையும் சேர்த்து எழுதறதுதான்னு எனக்குத் தெளிவானது இவரைப் படிச்சப்பதான்.

பிரஸ்பிட்டேரியன் மிஷன் ஏன் சிங்கப்பூர், ஜொகூர் பக்கம் வந்துச்சுன்னா காரணம் ரொம்ப எளிமை, ஆளுங்க கப்பல் ஏறினாங்க. தென் சீனாவுல தியோச்சூ பேசற ஸ்வாட்டோ வட்டாரத்துல சேர்ந்த விசுவாசிகள் பொழப்பு தேடி இந்தப் பக்கம் வந்துட்டாங்க, மிஷன் அவங்க பின்னாடியே வந்துச்சு, ஜே.ஏ.பி. குக் 1881-ல சிங்கப்பூர் வந்தார். அப்புறம் 1949-க்குப் பிறகு சீனாவுல கதவு மூடினதும் அங்க இருந்து வெளிய வந்த மிஷனரிங்க சிலரை மலாயாவுக்கு மாத்தினாங்க, எமர்ஜென்சி காலத்துல, அதாவது மலாயாவுல கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோட பிரிட்டிஷ் அரசு மோதின காலத்துல, போட்ட புதுக்கிராமங்கள்ல வேலை செஞ்சாங்க. ஆக, உங்க தாள்ல வருஷத்துக்குப் பக்கத்துல கப்பல் எந்தத் திசையில போச்சுன்னு ஒரு அம்புக்குறி போட்டுக்கிட்டே வாங்க. நம்ம ஆளுங்க கதையும் இதேதான், நாகப்பட்டினத்துலயும் யாழ்ப்பாணத்துலயும் கப்பல் ஏறினவங்க பைபிளையும் ஞானப்பாட்டையும் கையோட கொண்டுவந்தாங்க, சபையும் ஐயரும் (போதகரும்) பின்னாடிதான் வந்தாங்க.

இப்ப நாகர்கோவில் தாத்தா. கன்னியாகுமரி மாவட்டத்துல, அப்ப அது தென் திருவிதாங்கூர், எல்.எம்.எஸ். அனுப்பின ரிங்கல்தௌபே 1806-ல மயிலாடி வந்தார். ஆனா அவரா வரல, மயிலாடி மகராசன், ஞானஸ்நானத்துக்குப் பிறகு வேதமாணிக்கம், தஞ்சாவூர் வரைக்கும் போய் விசுவாசத்துக்கு வந்து, எங்க ஊருக்கு ஆள் வேணும்னு கேட்டார், அதனால வந்தார். 1816-ல ரிங்கல்தௌபே ஊரை விட்டுக் கிளம்பினப்ப சபைகளை வேதமாணிக்கம் கையிலதான் விட்டுட்டுப் போனார், அடுத்த மிஷனரி வர்ற வரைக்கும் நடத்தினது அவர்தான். பிற்பாடு இதே சொசைட்டி 1838-ல நெய்யூர்ல மருத்துவ வேலை ஆரம்பிச்சது, எவரெஸ்ட் ஏற 1922-லயும் 1924-லயும் போன ஹோவர்டு சோமர்வெல் டாக்டரா வந்து வருஷக்கணக்கா வேலை செஞ்சது அந்த ஆஸ்பத்திரியிலதான். உங்க குடும்பம் மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர், இல்லன்னா சேலம், கோயம்புத்தூர் எல்.எம்.எஸ். சபைன்னா, உங்க காகிதமும் பக்கத்து சர்ச் தியோச்சூ அங்கிளோட காகிதமும் ஒரே கட்டடத்துல இருக்கு. லண்டன்ல எஸ்.ஓ.ஏ.எஸ். பல்கலைக்கழக நூலகத்துலதான் எல்.எம்.எஸ். ஆவணங்களும் இங்கிலாந்து பிரஸ்பிட்டேரியன் ஃபாரின் மிஷன்ஸ் கமிட்டி ஆவணங்களும் இருக்கு. யாழ்ப்பாணத்து வழின்னா அது வேற, 1816-ல தெல்லிப்பழையில ஆரம்பிச்ச அமெரிக்கன் மிஷன், அதை அனுப்பின போர்டுல காங்கிரிகேஷனல்காரங்களும் பிரஸ்பிட்டேரியன்களும் சேர்ந்திருந்தாங்க, அந்தப் பேப்பர்லாம் ஹார்வர்டு ஹவுட்டன் நூலகத்துல. சென்னையில ஜான் ஆண்டர்சன் 1837-ல ஆரம்பிச்ச பள்ளி, பின்னாடி கிறிஸ்தவக் கல்லூரி ஆனது, அது ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் வழி. லூத்தரன்னா தரங்கம்பாடி, லைப்சிக், ஸ்வீடன்னு போகணும். எது உங்க வழின்னு தெரியாம லண்டனுக்கு ஈமெயில் அனுப்பாதீங்க.

லண்டனுக்குப் போகணும்னு அவசியமும் இல்ல. கேட்டலாக் ஆன்லைன்ல இருக்கு, எந்தப் பெட்டியில எந்த ஊர், எந்த வருஷம்னு பார்த்துக் குறிச்சுக்கலாம், பிரஸ்பிட்டேரியன் ஆவணம் பெரும்பாலும் மைக்ரோஃபிஷ்ல (பக்கங்களைச் சின்னதாக்கிப் படம் எடுத்த ஃபிலிம் தகடு) வந்திருக்கறதால அது வச்சிருக்கற நூலகத்தையும் விசாரிக்கலாம். பழைய ஆண்டறிக்கை, மிஷன் பத்திரிகை எல்லாம் ஸ்கேன் பண்ணி இன்டர்நெட் ஆர்கைவ்ல இலவசமா கிடக்கு. அதைவிட நமக்கு உபயோகம் சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம், மலாயா பழைய ஆங்கிலப் பேப்பர்லாம் வரிவரியா தேடலாம், வீட்ல தே தாரிக் குடிச்சுக்கிட்டே. அதுல தேடும்போது இன்னிக்கு இருக்கற ஊர்ப் பேர் போட்டா ஒன்னும் வராது, ஷியாமென்னுக்கு அமாய், ஷாந்தோவுக்கு ஸ்வாட்டோ, தைவானுக்கு ஃபார்மோசா, ஜாலான் ராஜா சூலானுக்கு வெல்டு ரோடுன்னு போடணும். ஸ்கேன்ல எழுத்து சிதைஞ்சு பேரே மாறியிருக்கும், அதனால ஆள் பேர் கிடைக்கலன்னா தெருப் பேர், தெருவும் கிடைக்கலன்னா 'பஜார்', 'அடிக்கல்', 'வழியனுப்பு' மாதிரி நிகழ்ச்சியை ஆங்கிலத்துல போட்டுப் பாருங்க. ஜாலான் ராஜா சூலான் செயின்ட் ஆண்ட்ரூஸ் பிரஸ்பிட்டேரியன் சர்ச் கட்டடம் 1918-ல வந்தது, ஒரு ஞாயித்துக்கிழமை அங்க போய் சுவத்துல இருக்கற நினைவுப் பலகைகளை நிதானமா படிச்சுட்டு வந்து அந்தப் பேர்களைத் தேட ஆரம்பிக்கறது நல்ல பயிற்சி.

கடிதம் படிக்கறதுல ஒரு விஷயம் முக்கியம். மிஷனரி கமிட்டிக்கு எழுதினதும் பத்திரிகைக்கு எழுதினதும் ஒன்னு இல்ல. பத்திரிகையில வர்றது காணிக்கை கொடுக்கறவங்க படிக்கறதுக்கு, அதுல ஆத்துமா ஆதாயமும் கண்ணீரும் நிறைய இருக்கும். கமிட்டிக்கு வர்ற கடிதத்துலதான் கூரை ஒழுகுது, சம்பளம் பத்தல, கூட இருக்கற மிஷனரியோட ஒத்துப்போகல, பிள்ளைக்கு காய்ச்சல்னு இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிங்க. அப்புறம் "நேட்டிவ் ஹெல்ப்பர் (உள்ளூர் உதவியாளர்) ஒருவர்"னு பேரில்லாம வர்ற இடத்துல எல்லாம் பென்சில்ல கோடு போடுங்க. அந்த ஒருவர்தான் வெயில்ல நடந்து போய்ப் பிரசங்கம் பண்ணினவர், அந்த ஊர் பாஷை பேசினவர். அவர் பேர் கடிதத்துல இருக்காது, சம்பளக் கணக்குல இருக்கும், ஏன்னா காசு கொடுக்கறப்ப பேர் எழுதியே ஆகணும். கணக்குப் புத்தகம் போரடிக்கும்னு தள்ளிவிடாதீங்க, வீடு வீடா போய் பைபிள் சொல்லிக்கொடுத்த பெண்கள், அதாவது பைபிள் உமன்களோட பேரை மீட்கணும்னா ஞானஸ்நானப் பதிவேட்டையும் இந்தக் கணக்கையும் விட்டா வேற வழி கம்மி.

இதுக்கு நடுவுல வீட்டுக்கு வீடு போய் வயசானவங்களையும் பார்த்துடுங்க, ஆவணம் எங்கயும் ஓடாது, இவங்க அப்படி இல்ல. "ஆன்ட்டி, பழைய கதை சொல்லுங்க"ன்னா ஒன்னும் வராது. மைலோ டின்ல போட்டு வச்சிருக்கற போட்டோவை மேசையில பரப்பச் சொல்லுங்க, ஒவ்வொன்னையும் திருப்பிப் பின்பக்கத்தை முதல்ல பாருங்க, ஸ்டுடியோ முத்திரை, பென்சில் கிறுக்கல், அதையும் சேர்த்து போன்ல படம் எடுங்க. "இந்த ஐயருக்கு சம்பளம் யாரு கொடுத்தா ஆன்ட்டி?"ன்னு கேட்டுப் பாருங்க. "சபைதான்டா கொடுத்துச்சு, மாசம் பொறந்தா எங்கப்பா வீடு வீடா போய் சந்தா வாங்குவாரு, நோட்டு கூட இருந்துச்சே"ன்னு ஆரம்பிச்சாங்கன்னா அந்த நோட்டு எங்கன்னு உடனே கேளுங்க. வெளிநாட்டுக் காசு நின்னு உள்ளூர்க் காசு தொடங்கின இடத்தை எந்த சொசைட்டி அறிக்கையும் அவ்வளவு சுத்தமா காட்டாது.

எழுதும்போது நம்ம ஆளுங்க அனுப்பினதையும் விட்டுடாதீங்க. வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் கூட இருந்தவங்களும் 1903-ல திருநெல்வேலியில இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சு, தமிழ் மிஷனரிகளை தெலுங்கு நாட்டு தோர்ணக்கல் பக்கம் அனுப்பினாங்க, காசும் நம்ம காசு. அது ஆங்கிலிக்கன் வழிதான், இருந்தாலும் அனுப்பற கமிட்டின்னா வெள்ளைக்காரங்க கமிட்டின்னு நினைச்சுக்கிட்டு இருக்கற நம்ம பிள்ளைங்க இதைப் படிக்கணும்.

அச்சடிச்சு முடிச்சதும் மேடையில பொன்னாடை போட்டுட்டு மீதியை ஸ்டோர்ரூம்ல அடுக்கி வச்சுடாதீங்க. நம்ம நாட்டுச் சட்டப்படி அச்சுப் புத்தகம்னா அஞ்சு பிரதி தேசிய நூலகத்துக்குக் கொடுக்கணும், ஜாலான் துன் ரசாக்ல இருக்கற அலுவலகத்துல ஐ.எஸ்.பி.என். எடுக்கறப்பவே அதையும் விசாரிச்சுடுங்க. சிரம்பான்ல எஸ்.டி.எம். இறையியல் கல்லூரி நூலகத்துக்கு ஒன்னு, அங்க தமிழ்ல படிக்கறவங்க இருக்காங்க, சிங்கப்பூர் டிரினிட்டி இறையியல் கல்லூரிக்கு ஒன்னு. ஆன்ட்டி கொடுத்த போட்டோ, சந்தா நோட்டு, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அசலை அவங்க வீட்டுலயே திருப்பிக் கொடுத்துட்டு, ஸ்கேனை சபை அலுவலகத்துல ஒரு ஹார்டு டிஸ்க், வேற வீட்ல ஒன்னுன்னு ரெண்டு இடத்துல வைங்க, கூடவே எந்தப் பேர் எந்தக் கணக்குல எந்தப் பக்கத்துல கிடைச்சதுங்கற லிஸ்டையும் வைங்க, அடுத்த ஜூபிலிக்கு வர்றவங்க அங்கிருந்து ஆரம்பிச்சுக்கலாம்.