மாதேஸ்வரன் மலைக்கு அந்தப் பக்கம் ஊர் இருக்கிறவர்களுக்கு

பெங்களூர்த் தமிழர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் பெரும்பாலும் சேலம், தருமபுரி, ஆம்பூர் என்று பதில் வரும். எங்களைப் போன்ற கொஞ்சம் பேருக்குச் சொல்வது கஷ்டம். ஊர் கர்நாடகத்தில், பேச்சு தமிழில். மாதேஸ்வரன் மலையிலிருந்து இறங்கி, பாலாறு, கோபிநத்தம் பக்கம் வேர் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் நான்கு நாள் லீவில் போனேன். பதினோரு நாள் தங்கியும் தாத்தாவின் நிலத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்றுகிற வேலை முடியாமல் திரும்பினேன்.

பயணத்தில் பெரிய சிக்கல் கிடையாது. கனகபுரா ரோட்டைப் பிடித்து மளவள்ளி, கொள்ளேகால், ஹனூர் வழியாக மலைக்குப் போகலாம். மேட்டூர்ப் பக்கமிருந்து வந்தால் கொளத்தூர் தாண்டிப் பாலாற்றுப் பாலம். இது வேலூர்ப் பாலாறு அல்ல, காவிரியில் சேர்கிற வேறொரு ஆறு. அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள். சிவராத்திரி, உகாதி, தீபாவளிக்கும் அப்படித்தான். மலைக் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் அரசு அலுவலகம் கிடையாது. இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிடுங்கள், யானை நடமாட்டம் உண்டு.

எங்கள் சாமராஜநகர் மாவட்டத்தில் ஏறக்குறைய பாதி காடு. 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 10,20,791, சதுர கிலோமீட்டருக்கு 181 பேர். அதே கணக்கில் பெங்களூர் நகர மாவட்டத்தில் 4,381 பேர். 2001 முதல் 2011 வரை பெங்களூர் மக்கள் தொகை 47 விழுக்காடு பெருகியது. எங்கள் மாவட்டம் 6 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. மழையில்லாத மேட்டு நிலம், ராகியும் சோளமும் தவிர வேறு வழியில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினவர்களில் நானும் ஒருவன். ஆள் குறைந்தால் பள்ளிக்கூடம் குறைகிறது, பஸ் குறைகிறது, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியும் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார்.

இனி அந்தக் கையெழுத்தின் கதை.

எங்கள் தாத்தா பிறந்தபோது அது சென்னை மாகாணம், கோயம்புத்தூர் மாவட்டம், கொள்ளேகால் தாலுகா. 1956 நவம்பர் 1ஆம் தேதி தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போனது. நான் பிறந்தபோது மைசூர் மாவட்டம். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானது, அண்ணன் பெண் அதற்கப்புறம் பிறந்தவள். மூன்று பேரும் பிறந்தது ஒரே வீட்டில்.

தாத்தா இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நிலம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டா, அடங்கல் என்று தனித்தனியாக இருப்பது இங்கே பஹணி என்ற ஒரே தாளில் இருக்கும். இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுகள் பெயருக்கு மாற்றுவதைப் பவுதி காத்தா என்பார்கள். அதற்கு இறப்புச் சான்றும், வம்ச விருட்சம் என்கிற வாரிசுப் பட்டியலும் வேண்டும். நான் தாத்தாவின் தமிழ்ப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். அதில் முத்திரை கோயம்புத்தூர் மாவட்டம். அலுவலகத்தில் அதைப் படிக்க ஆளில்லை. பஹணியில் அவர் பெயர் கன்னட வாயில் புகுந்து "அப்பா" என்று முடிகிறது. பத்திரத்தில் அப்படி இல்லை. "இவரும் அவரும் ஒருவர் என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்டார் எழுத்தர். பேரன் நான் நிற்கிறேனே என்றேன். அது சாட்சி ஆகாது என்றார். மூன்று நாள் அந்த ஒரு கேள்விக்கே போனது. பிரமாணப் பத்திரம், மொழிபெயர்ப்பு, மறுபடி வேறொரு தாள். இறப்பும் பதிவாகவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தாமதமானால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொன்றாகச் சொன்னார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பஸ், ஒரு பகல்.

ஆகவே கிளம்புமுன் கர்நாடக அரசின் நிலப் பதிவு இணையதளமான 'பூமி'யில் சர்வே எண்ணைப் போட்டுப் பஹணியைப் பாருங்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று கன்னடம் படிக்கத் தெரிந்தவரை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வம்ச விருட்சத்துக்கு ஊரில் விசாரித்து எழுதுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து கிராமக் கணக்கர் கேட்டார், பெரியவருக்கு எத்தனை பேரன் என்று. பக்கத்து வீட்டு ஆயா விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டு வந்தவர், என் பெயர் வந்ததும், "அவன் ஒருத்தன் இருந்தான், பெங்களூர் போயிட்டான்" என்றார். கணக்கர் பேனாவை நிறுத்திவிட்டு, "உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

சித்தப்பாவுக்கு என் இரண்டு அத்தைகளின் பெயரை விட்டுவிட வேண்டும் என்று எண்ணம். விடாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு. மறைத்தால் நாளைக்கு அவர்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அவர்கள் கேட்பதும் சரிதான். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார், என் பங்கை விட்டுக்கொடுப்பதாக. பதிவு செய்யாத தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, சார்பதிவாளரிடம் விடுதலைப் பத்திரமாக எழுதினால்தான் செல்லும். அதைத்தான் நானும் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் கத்தவில்லை. "முப்பது வருசமா பரண்ல உக்காந்து ஆனைய வெரட்டுனது யாரு கண்ணு?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. உங்களையும் யாராவது அப்படிக் கேட்பார்கள். சட்டத்தைச் சொல்லுமுன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் முந்திக்கொண்டேன், அது இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று. பெங்களூரில் கோபிநத்தம் என்றதும் வீரப்பனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். அதைக் கட்டிக்கொடுத்த வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீனிவாஸ் 1991இல் வீரப்பனால் கொல்லப்பட்டார். அவர் படத்தை ஊர்க்காரர்கள் கோயிலில் வைத்திருக்கிறார்கள். இந்த ஊரை அந்தக் கோயில் வழியாகவும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

தாத்தாவின் பெயர் இரண்டும் ஒன்றுதான் என்று கடைசியில் சாட்சி சொன்னது அந்த ஆயாதான். ரேகை வைத்தார். எண்பதைத் தாண்டியவர். அவர் வயதில் ஊரில் இன்னும் இரண்டே பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும், இந்த வருடமே போங்கள்.

கிளம்புகிற அன்று சித்தப்பா அரை மூட்டை ராகியைத் தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றினார். இறப்புப் பதிவு உத்தரவு இன்னும் வரவில்லை. அடுத்த அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் மறுபடி போகிறேன், இரண்டு அத்தைகளையும் கூட்டிக்கொண்டு.